கண்ணாடி போட்ட நத்தை

எங்கள் வேலைக்கூடத்தில் கணினி வேலை பார்க்கும் ஜெனிற்றா சென்ற மாதம் வீட்டுக்கு வந்தாள். இருபத்தாறு வருடங்களாக நான் வண்ணத்தில் கீறிய அலங்கார எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம்.

"அண்ணை, ஒரு சந்தேகம். முக்காவாசி எழுத்துக்குப் பக்கத்திலை ஒரு சின்ன நத்தை கிடக்குது. நான் ஊத்தை எண்டு நினைச்சு நாலைஞ்சை அழிச்சுப்போட்டன். பிறகு பெருப்பிச்சுப் பாத்தால் அது கண்ணாடி போட்டிருக்கு. ஏன் அண்ணை?"

"அது பெரிய கதை" என்றேன்.

"சொல்லுங்கோவன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆட்களுக்கு முன்னால் கதை சொல்ல எனக்கு வராது. ஜெனிற்றா ஒரு ஆள்தான் என்றாலும் ஆள்தானே. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது அவளுக்குத் தெரியும். எழுத்தைக் கீறிப் பழக்கமே தவிர எழுதிப் பழக்கமில்லை. பிழைகளைத் தான் திருத்துவதாகச் சொன்னாள். ஆகவே இதில் சரியாக இருப்பதெல்லாம் அவளுடையது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கல்யாணம் கட்டினாலும், ஓய்வு பெற்றாலும், இடமாற்றம் கிடைத்துப் போனாலும், வாழ்த்து மடல் வாசித்துக் கொடுக்காமல் விடமாட்டார்கள். புகழ்ந்து புகழ்ந்து எழுதி, மேடையில் உரத்து வாசித்து, பிரேம் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வாங்கியவர் அதை வீட்டு முன்விறாந்தையில் மாட்டிவிடுவார். வாசிக்கும்போது சபையில் பாதிப் பேர் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் மடலின் முதலெழுத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த முதலெழுத்தைக் கீறுவதுதான் என் வேலை.

அதற்கு முன் நான் குருநகர்க் கரையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் 'செபமாலை மாதா' என்று எழுதி, அந்தச் 'செ'யின் கொம்பில் ஒரு கொடியைப் படரவிட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியாது. சுற்றிவர ஆட்கள் நின்றதால் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது, குனிந்தபடியே கீறிக்கொண்டு போனேன், கொடி வந்துவிட்டது. அந்த வழியால் போன கன்னியர் மடத்துச் சிஸ்டர் மெற்றில்டா நின்று பார்த்துவிட்டு, "நீர் நாளைக்கு மடத்துக்கு வாரும்" என்றார். போனேன். இருபத்தாறு வருடம் அவருடைய வேலைக்கூடத்திலேயே இருந்துவிட்டேன்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் வளவில், கோயிலை நடத்தும் பங்குச்சபைக்குச் சொந்தமான ஒரு அறையில்தான் வேலைக்கூடம். வரிகளை எழுத வடிவான கையெழுத்துள்ள இரண்டு பெண்கள், பிரேம் அடிக்க ஒருவர், முதலெழுத்துக்கு நான். எல்லோருக்கும் மேலே சிஸ்டர்.

சிஸ்டரிடம் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அவர் உரோமையில் படித்த காலத்தில் யாரோ கொடுத்தது. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் துறவிகள் கையால் எழுதிய வேதாகமங்களின் வண்ணப் படங்கள் அதில் இருந்தன. ஒரு பக்கத்தில் பாதிக்கு ஒரே ஒரு எழுத்து. அதன் வயிற்றுக்குள் ஒரு அரசர் இருந்து யாழ் வாசிப்பார். வாலில் கொடி, கொடியில் குரங்கு, ஓரத்தில் ஈட்டி பிடித்த வீரன் ஒரு நத்தையோடு சண்டை. அந்தச் சண்டை வேதாகமத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று நான் இரண்டு கிழமை யோசித்துவிட்டுச் சிஸ்டரிடம் கேட்டேன். "உது ஒரு இடத்திலையும் வராது. எழுதி எழுதி அலுத்தால் அவை உப்பிடிக் கீறுவினம்" என்றார். அன்றைக்குத்தான் துறவிகள்மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அந்த நாட்டு எழுத்துகளுக்கு வயிறு உண்டு. உள்ளே ஒரு புனிதரைச் சுகமாக இருத்தலாம். தமிழில் அப்படியில்லை. 'வ'வில் ஒருவர் இருக்கலாம். 'ம'வில் இருக்கலாம், ஆனால் கால் நீட்ட முடியாது. 'ப'வில் இறக்கினால் தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்பது போல இருக்கும். 'ட'வில் யாரையும் வைக்க முடியாது, நல்லகாலமாக அதில் மடல் தொடங்குவதும் இல்லை. கொம்பு வரும் எழுத்தில் முதலில் நிற்பது கொம்பு, ஆனால் வீட்டுக்காரர் பின்னால் நிற்கும் எழுத்து. யாருக்குத் தங்கம் போடுவது? சிஸ்டர் ஒரு நாள் முழுக்க யோசித்து, கொம்புக்குக் கொடியும் எழுத்துக்குப் புனிதரும் என்று தீர்ப்புச் சொன்னார்.

தங்கம் ஒட்டுவதுதான் கடினம். கல்யாண மடல்களுக்குத் தங்க நிற மை போதும். பெரியவர்களின் மடலுக்கு மட்டும் உண்மையான தங்கத் தாள். அது மூச்சுப் பட்டாலே பறக்கும். ஆகவே சித்திரை வெயிலிலும் காற்றாடி போடக்கூடாது, சன்னல் திறக்கக்கூடாது. ஒட்டுவதற்கு உள்ளிச் சாறு, வெள்ளைப்பூண்டுதான். அந்தத் துறவிகளும் உள்ளியை இடித்துப் பிழிந்த சாற்றைத்தான் பூசினார்களாம். சாறு காய்ந்த பிறகு, மூக்குக்கண்ணாடி துடைக்கும்போது ஊதுவது போல 'ஹா' என்று அதன்மேல் வெப்பமூச்சு விட்டு, ஈரம் போவதற்குள் தாளை இறக்கவேண்டும். பிறகு மினுக்குவது. அதற்கு அவர்கள் நாய்ப்பல் வைத்திருந்தார்களாம். சிஸ்டர் தந்த ஒரு பெரிய சோகியின், அதுதான் சோழியின், முதுகால் நான் தேய்ப்பேன். நாய்ப்பல்லைவிட அது நல்லது, தேடிப் பிடிக்க ஓடவேண்டியதில்லை.

இந்த வேலையால் என்னில் எப்போதும் உள்ளி மணக்கும். எனக்குப் பெண் பேசப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு ஏதும் வாயுக் கரைச்சலோ?" என்று கேட்டார்கள். நான் வெட்கத்தில் பதில் சொல்லவில்லை. ஓம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு கசாயம் சொல்லித் தந்து, பெண்ணையும் தந்தார்கள்.

சிஸ்டர் ஒருநாளும் ஏசியதில்லை. கீறியதைக் கொண்டுபோய்க் காட்டினால், "வடிவாய்க் கிடக்கு" என்பார். எப்போதும் அதையேதான் சொல்வார். ஆகவே அதற்குப் பொருளில்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கவேண்டும். கண்ணாடியைக் கழற்றாவிட்டால் வேலை முடிந்தது. கழற்றினால், அதை மெதுவாக மடித்து, தாளில் ஒரு இடத்தில் வைத்துவிட்டு, வேறு கதை கதைப்பார். கண்ணாடி வைத்த இடம் எதுவோ அதுதான் பிழை. திருத்திவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போடுமட்டும் காத்திருக்கவேண்டும். அதை நாங்கள் யாரும் தொடுவதில்லை. ஒருமுறை என் புனித சூசையப்பரின் மூக்கில் அந்தக் கண்ணாடி மூன்று நாள் கிடந்தது. கண் தெரியாமல் சிஸ்டர் அந்த மூன்று நாளும் கதவு நிலையில் முட்டிக்கொண்டு திரிந்தார். ஆனால் எடுக்கவில்லை.

நான் சேர்ந்து ஆறாவது வருடம், எங்கள் பங்குப் பெருநாளுக்கு ஆயர், அதுதான் பிஷப், வருவதாக இருந்தது. வரவேற்பு மடலை எழுதியவர் சூசை மாஸ்ரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பங்குச்சபைச் செயலாளர். நாலு பக்கம் எழுதியிருந்தார். தொடக்கம் 'மாண்புமிகு'. அரைப் பக்கத்துக்கு 'ம' கீறவேண்டும், உண்மையான தங்கத்தில். நான் பென்சிலை எடுத்த அன்று சிஸ்டர் மலைநாட்டுக்குத் தியானத்துக்குப் போய்விட்டார். "பத்து நாளிலை வாறன். நீர் கீறும்" என்றார். கண்ணாடியும் அவரோடு போய்விட்டது.

கீறிய எட்டு நாளும் ஒருவரும் இது பிழை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பயத்தைத் தந்தது, பிறகு மெல்ல மெல்லத் துணிவைத் தந்தது. புத்தகத்தில் ஓரமெல்லாம் முயலும் குரங்கும். நான் எங்கள் கடலை எடுத்தேன். மேலே வயிறு ஊதிய ஒரு பேத்தை மீன். கீழே ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. பக்கத்தில் ஒரு நண்டு. கணவாய், றால் எல்லாம் கொடியில் ஏறின. இடது மூலையில் ஒரு சின்ன இடம் மிஞ்சியது. அதில் ஒரு நத்தை.

ஆயருக்கான மடலை முன்கூட்டியே கோயில் வாசலில் வைத்துச் சனத்துக்குக் காட்டுவது எங்கள் பங்கின் வழக்கம். பெருநாளுக்கு மூன்று நாள் முன் வைத்தார்கள். செபம் முடிந்து வெளியே வந்த சனம் சுற்றி நின்றது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பிறகு ஒரு பெண்குரல் கேட்டது.

"எடியே, உந்தப் பேத்தை எங்கடை சம்மாட்டியார் எல்லோ!"

சம்மாட்டியார் நாலு வள்ளமும் கரைவலையும் வைத்திருந்தவர், பங்குச்சபைத் தலைவர். அவருக்கு நல்ல வயிறு. அதற்குமேல் யாராலும் சனத்தை நிறுத்த முடியவில்லை. ஒற்றைக்காலை மடித்துச் சுவரில் ஊன்றி நிற்கும் வழக்கமுள்ள சூசை மாஸ்ரரைக் கொக்கு என்றார்கள். மீன் சந்தையில் ஏலம் கூறும் திரேசம்மாவை நண்டு என்றார்கள். கணவாய்க்கு மட்டும் மூன்று பேரின் பெயர் அடிபட்டது.

நான் ஒருவரையும் நினைத்துக் கீறவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடிவிட்டேன். "பாத்தியளே, முழிக்கிறான்" என்றார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் வேலைக்கூடத்தில் பங்குச்சபை கூடியது. பிரேமைக் கழற்றி மடலை மேசையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அறைத் திறப்பு, பூட்டுச் சாவி. அதைச் சம்மாட்டியார் வந்தவுடன் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"பாதர், அறை சபையின்ரை அறை" என்றார், அப்போதுதான் எங்கள் பங்குக்கு வந்திருந்த இளம் சுவாமியாரிடம். "எங்கடை அறைக்குள்ளை இருந்துகொண்டு எங்களையே மீனாக்கினால், அறையைப் பூட்டத்தான் வேணும். உவன் வாய் திறக்காத ஆள். உப்பிடியான ஆக்களின்ரை கையிலைதான் எல்லாம் கிடக்கும்."

"அது உங்கடை வயிறு எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?" என்றார் சுவாமியார்.

சம்மாட்டியார் எழும்பிப் பக்கவாட்டில் திரும்பி நின்றார். "இப்ப சொல்லுங்கோ." சுவாமியார் வயிற்றையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரேசம்மா வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நண்டெண்டால் நண்டு எண்டு விட்டிருப்பன் பாதர். ஒரு கொடுக்கை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிக்குதே, அதுக்கு என்ன சொல்லுறியள்?"

சூசை மாஸ்ரரின் கவலை வேறு. "நாலு பக்கம் எழுதினன். ஒருத்தர் வாசிக்கேல்லை. கொக்கைப் பாத்துப்போட்டுப் போகினம்."

சுவாமியார் என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் ஏதாவது சொல்லுங்கோ."

வேலைக்கூடத்துப் பெண்கள் இருவரும் சுவரோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடியது. நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல் வரவில்லை.

"சரி" என்றார் சுவாமியார் களைத்துப்போய். "வெள்ளை பூசி ஓரத்திலை உள்ளதுகளை அழியுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

தூரிகையை எடுத்தேன். வெள்ளையில் தோய்த்தேன். பேத்தையின் வயிற்றுக்கு மேலே கை வந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சிஸ்டர் பையோடு இறங்கினார். யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டார்கள்.

சிஸ்டர் மடலை மேலிருந்து கீழே பார்த்தார். "வடிவாய்க் கிடக்கு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அவர் அதைத் தாளில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்தோனி, நீர் உதிலை ஆரையேன் நினைச்சுக் கீறினீரோ? இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். மிச்சத்தை நான் கதைக்கிறன்."

இல்லை என்று சொன்னால் அறை தப்பும், எல்லோருடைய வேலையும் தப்பும். ஆனால் கேட்டது சிஸ்டர். அவருக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, பெரும்பாலும் எதுவுமே சொன்னதில்லை.

"ஓம் சிஸ்டர்" என்றேன். "ஒராளை."

"பாத்தியளே!" என்று சம்மாட்டியார் மேசையில் அடித்தார். திறப்பு துள்ளி விழுந்தது. "நான் சொன்னன்தானே! ஆரடா? சொல்லடா!"

வாயால் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சிஸ்டரின் கையிலிருந்து அந்தக் கண்ணாடியை வாங்கினேன். அதை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. மடித்தேன். இடது மூலையில், நத்தையின்மேல் வைத்தேன்.

எல்லோரும் குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாத சிஸ்டர் மட்டும் மூக்கு தாளில் படக் குனிந்தும் ஒன்றும் பிடிபடாமல் நின்றார்.

"எனக்கொண்டும் தெரியேல்லை. ஆர் உது?"

கடைசியில் திரேசம்மாதான் சொன்னார்.

"நத்தை, சிஸ்டர்."

"நத்தையோ?"

"ஓம் சிஸ்டர். கண்ணாடி போட்டிருக்கு."

சிஸ்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நத்தையைப் பார்த்தார். சுவரோடு நின்ற பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அந்த எட்டு நாளும் ஒவ்வொரு கோட்டையும் கீறிவிட்டு, இப்போது சிஸ்டர் இருந்தால் கண்ணாடியை எங்கே வைப்பார் என்று யோசித்தபடியே இருந்தேன், அதனால்தான் நத்தை அப்படி வந்தது. இதைச் சொல்லியிருக்கவேண்டும். இப்போதுதான் சொல்கிறேன்.

"ஓட்டுக்கு இன்னும் கொஞ்சம் தங்கம் போட்டிருக்கலாம்" என்றார் சிஸ்டர்.

சுவாமியார்தான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது, ஒரு ஆளைத் தவிர.

"அப்ப உந்தப் பேத்தை…?" என்றார் சம்மாட்டியார்.

"அது பேத்தைதான் ஐயா" என்றேன். சபையில் நான் கேட்காமலே என் குரல் வந்தது.

"ஒரு சொட்டும் நானில்லையோ?"

"இல்லை ஐயா."

அவர் முகம் வாடிவிட்டது. ஒரு இரவும் ஒரு பகலும் ஊர் முழுக்க அவரைப் பற்றித்தான் கதை. இப்போது அது வெறும் மீன். குனிந்து திறப்பை எடுத்து, சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, போகும்போது பேத்தையை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஆயர் வந்தார். சூசை மாஸ்ரர் நாலு பக்கமும் வாசித்தார். ஆயர் நாலு பக்கமும் நத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சிஸ்டர் அனுமதித்ததால், இல்லை, அவர் கண்ணாடியைக் கழற்றாததால், எல்லா எழுத்திலும் நத்தை வந்தது. அடுத்த வருடம் மகளின் கல்யாண மடலுக்குச் சம்மாட்டியாரே நேரில் வந்தார். "பேத்தையைக் கீறு" என்று காதுக்குள் சொன்னார். "இந்தமுறை என்னை நினைச்சுக் கீறு." கீறினேன். ஊரில் ஒருவருக்கும் அது அவர் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கொக்குத்தான் அவர் என்று யாரோ சொன்னார்களாம்.

சென்ற வருடம் என் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் எனக்குப் புதிதில்லை. முன்பு ஆட்களைக் கண்டால் நடுங்கும், இப்போது ஆட்கள் இல்லாதபோதும் நடுங்குகிறது. தங்கத் தாளுக்கு அது ஆகாது. ஐம்பத்தேழு வயதில் நின்றுகொண்டேன். நின்ற அன்று எனக்கும் மடல் வாசித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. ஜெனிற்றா என் பழைய எழுத்துகளைக் கொண்டே கணினியில் செய்திருந்தாள், ஓரத்தில் கணவாய், றால் எல்லாம் மட்டும் அவளே கையால் கீறியிருந்தாள். முதியோர் மடத்திலிருந்து சிஸ்டரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தார்கள். மடலை அவர் மடியில் வைத்தார்கள்.

"வடிவாய்க் கிடக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். சிஸ்டர் அதை மடித்து வலது மூலையில் வைத்தார். அங்கே ஒரு சங்கு, சங்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நண்டு. ஒரு கொடுக்கில் தூரிகை, மற்றதில் ஒரு பல்லு உள்ளி.

"உது கொஞ்சம் கூடுதலாய் வெளியிலை வந்திட்டுது" என்றார் சிஸ்டர். "இன்னும் உள்ளுக்கை தள்ளும்."

ஜெனிற்றா திருத்திக் கொண்டுவந்து தந்த பிறகு மடலை முன்விறாந்தையில், வருகிறவர்கள் இருக்கும் கதிரைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். அந்த நண்டு யார் என்று நானாகச் சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே யாராவது வந்தால் காத்திருக்கிறேன். அவர்கள் எழும்பப் பார்த்தால், இன்னொரு தேத்தண்ணி குடியுங்கோ என்று மனைவியைச் சொல்லச் சொல்கிறேன். போன கிழமை வந்த ஒருவர் மூன்று கோப்பை குடித்துவிட்டு, கணவாயை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனார்.